எழுத்து உருளையும் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு அரிச்சுவடி சார்ட் ஒட்டியிருந்தது. அ அம்மா, ஆ ஆடு, இ இலை என்று படம் போட்டு, ஓரம் கிழிந்து, எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே சார்ட்தான். மகளுக்கு அப்போது நாலே கால் வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் முன்னால் நின்று கடகடவென்று ஃ வரைக்கும் ஒப்பித்துவிடுவாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. போன சித்திரையில் ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு இலைப் படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மேலே இருந்த எழுத்தை மட்டும் காட்டி, "இது என்னட்டி?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "கை" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். அங்கே இருந்தது என் கைதானே. அவள் இத்தனை நாளும் படத்தைத்தான் வாசித்திருக்கிறாள், மீதியை ராகம் பார்த்துக்கொண்டது. எழுத்து என்று ஒன்று அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நான் வயரிங் வேலை பார்க்கிறவன். ஒன்று ஓடவில்லை என்றால் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாது. அன்று ராத்திரி சார்ட்டைக் கழற்றிவிட்டு யோசித்தேன். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மீதி 216 உயிர்மெய். ஆனால் அந்த 216-ம் தனித்தனி உருவம் இல்லை. பெரும்பாலும் கொம்பு (கெ-யில் முன்னால் நிற்பது), கால் (கா-வில் பின்னால் நிற்பது), விலங்கு (கி, கீ-யில் மேலே வளைவது) என்று அதே உறுப்புகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அப்படியானால் பிள்ளைக்குக் காட்ட வேண்டியது அந்த ஜாயிண்ட்டைத்தான். பெட்டிப் பூட்டில் நம்பரைச் சுற்றுவோமே, அதுபோல மூன்று வளையம். இடது வளையத்தில் கொம்புகள், நடுவில் எழுத்து, வலதில் துணைக்காலும் விலங்கும். சுற்றினால் க, கா, கெ, கே, கை, கொ, கோ எல்லாம் வரும். கொகரத்துக்கு இடதில் ஒற்றைக் கொம்பு, வலதில் கால். தமிழ் எழுத்தே இந்தப் பொம்மைக்காகச் செய்தது போலத் தோன்றியது.

மறுநாளே 63 எம்எம் பிவிசி பைப்பில் மூன்று துண்டு அறுத்தேன். விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, நடுத் துண்டில் பதினெட்டு எழுத்தையும் மார்க்கரால் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டேன். சுற்றளவு கிட்டத்தட்ட 198 மில்லிமீட்டர். பதினெட்டால் வகுத்தால் ஒரு எழுத்துக்கு 11 மில்லிமீட்டர்தான். ண எது, ன எது என்று எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரிந்தது. அது போக, வளையங்களைக் கோக்க நடுவில் ஒரு குச்சி விட்டால், பைப் அகலமாக இருந்ததால் லொடலொடவென்று தொங்கியது. மகள் அதைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்ததைத் தொடங்கும் முன் ஆச்சி குறுக்கே வந்தாள். ஆச்சி என்றால் என் அம்மா. மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாங்களும் ஆச்சி என்றே ஆகிவிட்டது. "எய்யா, எழுத்த உருட்டுறது இருக்கட்டும். பிள்ளைக்கு இன்னும் காது பழகலயே" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. ஆச்சி முறத்தைப் போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மகளிடம், "முன்னு தொடங்குற சாமான் ஒண்ணு சொல்லு" என்றாள். பிள்ளை கீரையைப் பார்த்துவிட்டு, "அரைக்கீரை" என்றாள். பொருளைச் சொல்கிறாளே தவிர, சொல்லின் தலையில் இருக்கிற சத்தம் அவள் காதில் விழவில்லை. ஆச்சி தன் முறத்தைத் தட்டி, "மு... மு... முறம்" என்றாள். அப்புறம் முட்டை. அப்புறம் முருங்கை. நாலாவது நாள் பிள்ளையே "முதுகு" என்று கண்டுபிடித்து, ஆச்சி முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

ஆக மூன்று வாரம் எழுத்தே இல்லை, வெறும் சத்தம்தான். பஸ்ஸில், குளிக்கும்போது, சோறு ஊட்டும்போது எல்லாம். தொடங்கும் சத்தம் பழகியதும் முடியும் சத்தம். ஒருவர் சொல்வது எதில் முடிகிறதோ அதில் அடுத்தவர் தொடங்க வேண்டும். இதில் பெரியவர்கள் தோற்பதுதான் வேடிக்கை.

கைதட்டிச் சொல்லைப் பிரிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. பட்டம் என்ற சொல்லைத் தட்டச் சொன்னால் பிள்ளை பட்-டம் என்று இரண்டு தட்டுத்தான் தட்டுவாள். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் தட்டும், வாய்க்கு அதுதான் இயல்பு. ஆனால் எழுதும்போது நாலு எழுத்து. ட், ம் இரண்டுக்கும் தட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த மாத்திரைக் கணக்கு எனக்கு அப்போதுதான் உதவிக்கு வந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிய விஷயம், இருபது வருஷம் கழித்து வேலைக்கு வருகிறது. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு கையையும் விரிக்க வேண்டும், மெய்க்குக் கையை இறுக்கி மூடி முட்டி. பட்டம் என்றால் தட்டு, முட்டி, தட்டு, முட்டி. பால் என்றால் விரி, முட்டி. இரண்டு நாளில் பிடித்துக்கொண்டாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாமலே ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கையால் சொல்ல ஆரம்பித்தாள்.

சரி, இப்போது உருளை. எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம், மரச் சொப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். அங்கே தெரிந்த ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி கடைசல் மோட்டாரை நிறுத்தாமலே நான் தாளில் வரைந்ததைப் பார்த்தார். "என்ன தம்பி இது, சப்பாத்திக் கட்டையை மூணா வெட்டணுமா?" விளக்கினேன். 6 சென்டிமீட்டர் விட்டம், 4 சென்டிமீட்டர் அகலம், மூன்று வளையம், நடுவில் 12 மில்லிமீட்டர் துளை, கோக்க ஒரு அச்சு, அச்சின் இரண்டு முனையிலும் கழன்று விழாமல் குமிழ். இந்தத் தடவை நடு வளையத்துக்கு ஆறே எழுத்து என்று முடிவு செய்திருந்தேன். சுற்றளவு 18.8 சென்டிமீட்டர், ஆளுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். பதினெட்டும் வேண்டுமே என்று நடு வளையம் மட்டும் மூன்று கேட்டேன். மொத்தம் ஐந்து வளையம், 420 ரூபாய்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். கட்டை சுற்றும்போது உளியை வைத்தால் மரம் நாடா நாடாவாக உரிந்து விழுகிறது. வடிவம் வந்ததும், சுற்றிக்கொண்டிருக்கிற மரத்தின் மேலேயே நிறம் கலந்த அரக்குக் கட்டியை அழுத்துகிறார். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள். தூரிகை கிடையாது, காய வைக்கும் வேலையும் கிடையாது. பளபளவென்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதே மார்க்கரால் ப என்று எழுதினேன். எழுதும்போதே கோடு கொழகொழவென்று இழுத்துக்கொண்டு வந்தது. மகள் தொட்டதும் விரலெல்லாம் சிவப்பு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். நிரந்தர மார்க்கர் மையில் இருப்பது ஸ்பிரிட் வகைக் கரைப்பான்தான். ஆக எழுதுகிற மையே பரப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. தெரிந்த விஷயம்தான், வேலை செய்யும்போது தோன்றவில்லை. எனாமல் பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் இது பிள்ளை வாயில் போகிற சாமான். கடைசியில் வெள்ளைத் தாளில் 19 சென்டிமீட்டர் நீளத்துக்கு நாடா வெட்டி, அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, வளையத்தைச் சுற்றி மைதாப் பசை வைத்து ஒட்டினேன். நனைத்தால் உரிந்து வந்துவிடும், வேறு நாடா ஒட்டிக்கொள்ளலாம். அப்போதுதான் உறைத்தது. நாடாவை மாற்றலாம் என்றால் நடு வளையம் ஒன்றே போதுமே. மூன்று எதற்கு? வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. மீதி இரண்டு வளையத்தை எடுத்துப் போய் ஊதுவத்தி செருகி வைத்துக்கொண்டாள்.

முதல் நாடாவுக்கு எந்த ஆறு எழுத்து என்பதில் ஒரு விவாதம். தெருவில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், "வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. கணக்குப் போட்டு வச்ச மாதிரி இருக்கே. அப்படியே போடுங்க" என்றார். பார்க்க அழகான யோசனைதான், ஆனால் நான் கேட்கவில்லை. வல்லினத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை என்ன சொல்லை வாசிப்பாள்? நான் எடுத்தது ப, ட, ம, க, ல, வ. ப, ட இரண்டும் நேர்கோடுகள், கண்ணுக்கும் கைக்கும் சுலபம். அதைவிட முக்கியம், இந்த ஆறோடு கொம்பையும் காலையும் சேர்த்தால் வடை, கடலை, மலை, மாலை, பால், கால், வால், கடல், படம், பட்டம், காகம், மேகம், கோலம், பலகை, பெட்டி, கட்டில் என்று இருபத்தைந்துக்கு மேல் வரும். எல்லாம் அவள் வாயில் இருக்கிற சொற்கள். அடுத்த நாடா ச, த, ந, ன, ண, ர. கடைசியில் ற, ள, ழ, ய, ங, ஞ. ங-வை உருளையில் வைப்பது வீண் வேலை, ங் தவிர எதுவும் எங்கும் வராது என்று நினைத்திருந்தேன். ஆனால் அவளுக்குப் பிடித்ததே அதுதான். ஙே என்று உருட்டி வைத்துக்கொண்டு, கண்ணை விரித்து என்னைப் பார்ப்பாள்.

மெய்க்கு மேலே புள்ளி வைக்க வளையத்தில் இடம் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்று நான் கம்பி வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் அவள் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்து, ஆடு, பொம்மை, பிரிட்ஜ் கதவு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நானும் ஒன்றை உரித்து ப-வுக்கு மேலே ஒட்டினேன். "பொட்டு வச்சா வாயை மூடிக்கும்" என்றேன். உதட்டை இறுக்கி மூடி "ப்" என்று காட்டினேன். அவள் கையை முட்டியாக்கிக் காட்டினாள். கைதட்டு விளையாட்டில் இருந்த அதே முட்டி. நான் சொல்லிக் கொடுக்காமலே இரண்டையும் அவளே சேர்த்துவிட்டாள். இந்த மொத்த வேலையிலும் நான் திட்டம் போட்டுச் செய்த எதையும்விட அந்தப் பொட்டுத்தான் நன்றாக வேலை செய்தது. உரித்தால் "ப", ஒட்டினால் "ப்". ஒரு நாளைக்கு ஒரு அட்டை தீர்ந்தது. அப்புறம் நுனியில் சிவப்பு ஒட்டிய ஒரு தீக்குச்சியைக் கையில் கொடுத்து, எழுத்துக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னோம்.

கொம்பில்தான் தடுமாறினாள். இடது வளையத்தில் ஒற்றைக் கொம்பைத் திருப்பி, "இது கெ" என்றால், அவள் விரல் கொம்பின் மேல் வந்து நிற்கும். "இதுக்கு என்ன சத்தம்?" என்பாள். தனியாக அதற்கு எ-சத்தம் என்றால், "அப்போ எ-க தானே?" என்பாள். நியாயமான கேள்வி. கண்ணுக்கு முன்னால் நிற்பது காதில் பின்னால் வருகிறது. நான் அஞ்சாறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எதுவும் ஏறவில்லை. ஒரு வாரம் கழித்து அவளே ஆச்சியிடம் விளக்கிக்கொண்டிருந்தாள்: "கொம்பு இருந்தா மாடு முன்னாடிதான் வரும் ஆச்சி. ஆனா க-தான் பேசும், மாடு பின்னாடியே கத்தும்." எனக்கு இதில் பாதிதான் விளங்கியது. அவளுக்கு விளங்கிவிட்டது, அது போதும்.

ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. கெ குறில், ஒரு தட்டு. கே நெடில், கையை விரி. பழைய ஏட்டில் இந்த இரண்டும் ஒன்றுபோலக் கிடக்கும், இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துத் தனியாகக் காட்டியது 18-ம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். அவர் நம்ம பழைய நெல்லைச் சீமையின் காமநாயக்கன்பட்டியில் இருந்தவர்தான். என் இடது வளையத்தில் ஒரு கட்டம் அவர் உபயம் என்று வீட்டில் சொன்னேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆச்சி மூலமாக இன்னொரு குழப்பம் வந்தது. உருளையில் மலை வந்தது. ஆச்சி சந்தோஷத்தில் சிலேட்டை எடுத்து, தன் கையால் பெரிதாக மலை என்று எழுதிக் காட்டினாள். பிள்ளை பார்த்துவிட்டு, "இது லை இல்ல. யானை" என்றாள். ஆச்சி எழுதியது பழைய லை, ல-வின் தலையில் துதிக்கை வைத்தது. ஆச்சி பள்ளிக்கூடம் போனது அறுபதுகளில். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அப்புறம் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்று பதின்மூன்று எழுத்துக்குத் தனி உருவம் இருந்ததை மாற்றி, மற்ற எழுத்துகள் போலவே காலும் கொம்பும் போட்டு எழுதலாம் என்று தமிழக அரசு ஆணை போட்டது 1978-ல். அதற்கு முன்னால் நான் இந்த உருளையைச் செய்திருந்தால் இந்தப் பதின்மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஆச்சி விடவில்லை. "எங்க லைதான் பார்க்க லட்சணம்" என்று இன்னும் துதிக்கை வைத்தே எழுதுகிறாள். மகள் இப்போது இரண்டையும் வாசிக்கிறாள். ஒன்றுக்கு லை என்று பேர், இன்னொன்றுக்கு ஆச்சி லை.

உருளை நிஜமாகவே தோற்ற இடம் உகரம். கு, சு, து மூன்றையும் எழுதிப் பாருங்கள், மூன்றும் மூன்று தினுசு. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி வளைகின்றன. ஙு, சு, பு, யு, வு கீழே கோடு இறங்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு மாதிரி சுழிக்கின்றன. ஊகாரத்துக்கு வந்தால் இன்னும் மோசம். இதைக் கழற்றி மாட்டுகிற உறுப்பாகச் செய்ய முடியாது, உடம்போடு ஒட்டிப் பிறந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு உருளையில் உகரம் கிடையாது என்று விட்டேன். அலமாரியில் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து, அந்தக் கெட்டி அட்டையில் 36 சீட்டு வெட்டினேன். பின்பக்கம் பிள்ளையார் படமும் முகூர்த்த நேரமும் இருக்கும். இகரத்திலும் டி, டீ இரண்டும் உருளையில் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் நிற்கின்றன, ஆனால் பிள்ளை அதைப் பொருட்படுத்தவில்லை.

உகரத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் இருந்தேன். விடமாட்டேன் என்றது அவள் பேச்சு. உருளையில் பா உருட்டி, அடுத்து ல, தீக்குச்சிப் பொட்டு. நான் சிலேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பால்.

"பாலு" என்றாள்.

"பால்."

"பா... லு. லு எங்கப்பா?"

இல்லை, அது ல், பொட்டு வைத்திருக்கிறது, வாயை மூடு என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் உதடு பிதுங்கியது. ஆச்சி உள்ளே இருந்து, "பிள்ளைய என்னத்துக்கு வையுத? நீயே இப்பந்தான பாலு காய்ஞ்சிட்டானு கேட்ட" என்றாள். கேட்டிருந்தேன்தான். நாங்கள் எல்லாருமே பாலு, மீனு, கல்லு, கண்ணு என்றுதான் பேசுகிறோம். அவள் காது சரியாகக் கேட்டதைத்தான் எழுத்தில் தேடுகிறாள். மூன்று வாரம் காதைப் பழக்கியது நான். இப்போது அந்தக் காது சொல்வதைத் தப்பு என்கிறவனும் நான்.

அப்புறம் லு சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "நாம பேசுறது பாலு. புத்தகம் பேசுறது பால்." அவள் இரண்டையும் பார்த்தாள். "புத்தகத்துக்கு வாய் வலிக்குமா?" ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பேர் வைத்துக்கொண்டோம், வீட்டுப் பேர், புத்தகப் பேர். தண்ணி, தண்ணீர். மீனு, மீன். மாடு, வீடு இதெல்லாம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அவளுக்கு லாட்டரி அடித்த மாதிரி. வாழைப்பழம் வந்த அன்று என் மானம் போனது. நான் ளகரமாகத்தான் சொல்கிறேன் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து நாக்குக்கு அது அப்படித்தான். ழ சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை மடித்துப் பழகியது நானும் அவளும் சேர்ந்துதான். அவள் சிலேட்டில் பளம் என்று எழுதினால் இப்போதைக்கு நான் திருத்துவதில்லை. கேட்டதை எழுதியிருக்கிறாள் என்பதே எனக்குப் பெரிது. வாத்தியாருக்கு இதில் உடன்பாடு இல்லை.

நடுவில் ஜூன் மாதம் எல்கேஜி. முதல் வாரமே ஒரு பக்கம் முழுக்க அ எழுதி வரச் சொல்லி வீட்டுப்பாடம். எழுதப் பழகும் கைக்கு அ கஷ்டமான எழுத்துகளில் ஒன்று. சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நேர்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். பென்சிலை முஷ்டியில் பிடித்து எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று அழுதாள். அவள் அம்மா போய்ப் பேசி, பத்து எழுத்து போதும் என்று ஆனது. கை பழகியது நோட்டில் இல்லை, வாசலில். காலையில் ஆச்சி கோலம் போடும்போது பக்கத்தில் அவளுக்கு ஒரு கிண்ணத்தில் மாவு. புள்ளியைச் சுற்றி வளைப்பதும், போன வழியே திரும்பி வந்து முடிப்பதும் அங்கே வந்தது. ஒருநாள் கோலத்தின் ஒரு சுழியைக் காட்டி, "இதுல அ-வோட தலை இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். இருந்தது.

ராத்திரி கதைப் புத்தகம் வாசிப்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே புத்தகத்தை நாற்பது தடவை கேட்பாள், நான் ஒரு வரியை விட்டால் பிடித்துவிடுவாள். விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வாசித்தேன், அவ்வளவுதான். அதைவிட வேலை செய்தது நாங்களே தைத்த நோட்டு. அன்றைக்கு நடந்ததில் ஒரு வரி அவள் சொல்வாள், நான் எழுதுவேன், அவள் படம் போடுவாள். முதல் பக்கம்: "ஆச்சி அப்பளம் பொரிச்சா. ஒண்ணு கருகிட்டு." வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "பொரித்தாள், கருகிவிட்டது என்று எழுதுங்கள், பிள்ளை தப்பாகப் படிக்கும்" என்றாள். நான் மகள் சொன்னபடியே விட்டேன். தான் சொன்னது அப்படியே தாளில் உட்கார்ந்திருக்கிறது, மறுநாளும் அதையே சொல்கிறது என்பதை அவள் முதலில் பார்க்கட்டும் என்று நினைத்தேன். புத்தகப் பேச்சு கதைப் புத்தகத்தில்தான் தினமும் காதில் விழுகிறதே. எதிர்ப் பக்கத்தில் வீட்டுக்காரி தன் வாக்கியத்தை எழுதினாள். இப்போது நோட்டு முழுக்க அப்படித்தான், இடது பக்கம் அவள் பேச்சு, வலது பக்கம் அவள் அம்மா பேச்சு.

ஆடி மாதம் ஒருநாள் சாயங்காலம் பைக்கில் முன்னால் உட்கார்ந்து வந்தாள். எங்கள் ஊரில் தெருவெங்கும் அப்பளக் கடைதான். ஒரு போர்டு முன்னால் பைய போகச் சொன்னாள். கை என் கைமேல் தட்டியது. தட்டு. முட்டி. தட்டு. தட்டு. முட்டி. "அ... ப்... ப... ள... ம். அப்பளம்!" அடுத்தடுத்து இரண்டு ப, ஒன்றுக்குப் பொட்டு இருக்கிறது, ஒன்றுக்கு இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள். அந்தத் தெருவில் இருந்த அத்தனை போர்டையும் நின்று நின்று வாசித்தோம். எல்லாவற்றிலும் அப்பளம்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் உருளை நின்றுவிட்டது. ஈரத்துக்கு மரம் ஊதி, துளை அச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிவிசி என்றால் ஊதியிருக்காது என்று வீட்டுக்காரி சொன்னாள், வாஸ்தவம்தான். ஒரு குமிழைச் சுற்றித் திருகிக் கழற்றி, அச்சை வெளியே இழுத்து, 120 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துப் பத்து நிமிஷம் தேய்த்தேன். துளைக்குள் ஒரு குச்சியில் உப்புத்தாளைச் சுற்றிவிட்டு அதையும் லேசாகத் தேய்த்தேன். எண்ணெய் விடக் கூடாது, தாள் நாடா கறையாகும். மெழுகுவர்த்தியை அச்சின் மேல் நாலு தடவை உரசினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. செய்யச் சொல்லும்போதே அச்சுக்கும் துளைக்கும் ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்குள் ஒரு பெரிய குறையை அவள் கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு முதலில் வாசிக்க வேண்டியது சொந்தப் பேர்தானே. அவள் பேரில் ஷ இருக்கிறது. மூன்று நாடாவையும் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரு இதுல இல்ல" என்றாள். பேர் வைக்கும்போது ஆச்சி சொன்ன பேரை வைத்திருந்தால் முதல் நாடாவிலேயே வந்திருக்கும் என்பதை ஆச்சி ஒருதடவை சொன்னாள். ஒருதடவைதான் சொன்னாள்.

நேற்று நாலாவது நாடா எழுதினேன். ஜ, ஷ, ஸ, ஹ. மீதி இரண்டு கட்டத்தில் க்ஷ-வும் ஸ்ரீ-யும் போட்டால் ஆறு கணக்காக வரும். ஆனால் ஸ்ரீ-க்குக் கொம்பு வைத்து என்ன செய்வது? அதனால் அந்த இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு ஒட்டினேன். பசை கொஞ்சம் அதிகமாகி ஓரத்தில் வழிந்து வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் போயிருக்கிறது. காலையில் சுற்றிப் பார்த்தால் நடு வளையமும் வலது வளையமும் ஒன்றாகத்தான் சுற்றுகின்றன. ஷா மட்டும் வருகிறது. நல்லவேளை, அவள் பேருக்கு ஷாதான் வேண்டும். இன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் நனைத்துப் பிரிக்க வேண்டும்.